நோட்டை எப்போது மூடப் போகிறோம்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பல வீடுகளில் இது நடக்கும். வீட்டுக் கணக்கை எக்செல்லில் போடத் தொடங்குவார்கள். ஆனால் பால் கணக்கு காலண்டரிலும், மளிகைக் கணக்கு பழைய நோட்டிலும் அப்படியே தொடரும். "கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகிவிட்டால் என்ன செய்வது?" என்ற பயம்தான் காரணம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எக்செல் ஒரு தொகை சொல்லும், நோட்டு வேறு தொகை சொல்லும். எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு எக்செல் பைலை யாரும் திறப்பதில்லை. கம்ப்யூட்டரில் சினிமா ஓடும்.

வீட்டில் நடந்தால் நஷ்டம் பெரிதில்லை. ஆஸ்பத்திரியில் நடந்தால்?

நான் மேட்டூர்க்காரன். பொறியியல் படித்துவிட்டு சாப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். கடந்த சில வருடங்களாக ஆஸ்பத்திரிகளுக்கான சாப்ட்வேர்தான் என் வேலை. இத்தகைய திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சர்வர் எவ்வளவு பெரியது, புரோகிராம் எந்த மொழியில் எழுதியது, விலை என்ன என்றுதான் கேட்கிறார்கள். என் கருத்து வேறு. இந்தத் திட்டங்கள் மெஷினால் தோற்பது குறைவு. ஒரே விஷயத்தை ஒருவரையே இரண்டு இடத்தில் எழுத வைப்பதால்தான் அதிகம் தோற்கின்றன.

ஒரு ஆஸ்பத்திரியில் எத்தனை நோட்டுகள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஓபி சீட்டு போடும் இடத்தில் ஒன்று. ஊசி போடும் இடத்தில் ஒன்று. மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்புக் கணக்கு ஒன்று, கொடுத்த கணக்கு ஒன்று. லேபில் ஒன்று, எக்ஸ்ரேயில் ஒன்று. வார்டுக்கு வார்டு தனி நோட்டு. ஆபரேஷன் தியேட்டர், பிரசவம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி. ஒரே நோயாளியின் பெயர், வயது, ஊர் இத்தனை இடத்திலும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஆஸ்பத்திரி சாப்ட்வேர் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தப் பெயரை ஒரே முறை வாங்கி, அதற்கு ஒரு எண் கொடுத்து, மற்ற எல்லா இடத்திலும் அந்த எண்ணை மட்டும் தட்டினால் விவரம் வந்து நிற்கும்படி செய்வது. டேட்டாபேஸ் என்று சொல்கிறோமே, அதன் சாரம் இவ்வளவுதான்.

இதனால் நமக்கு என்ன லாபம்? மேட்டூரில் இருப்பது மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. சேலத்தில் இருப்பது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளி பக்கத்து ஜனங்கள் முதலில் மேட்டூருக்கு வருவார்கள். பெரிய பிரச்சினை என்றால் "சேலத்துக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று கிளம்புவார்கள். கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். கூடப் போவது என்ன? ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மடங்கிப்போன டிஸ்சார்ஜ் சம்மரி. அந்தக் கவர் பஸ்ஸில் தவறிவிட்டால் எல்லாப் பரிசோதனையும் மறுபடியும் முதலிலிருந்து. பணம் போவது ஒரு பக்கம். மயக்கத்தில் இருப்பவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற தகவலும் அந்தக் கவரோடு போய்விடும். இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தமிழ்நாடு இதில் பின்தங்கி இருந்த மாநிலம் அல்ல. உலக வங்கி உதவியுடன் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு ஹெல்த் சிஸ்டம்ஸ் ப்ராஜெக்டின் கீழ் அரசு மருத்துவமனைகளுக்குக் கம்ப்யூட்டர் பதிவு முறை வந்தது. முதலில் சில மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்து, பிறகு படிப்படியாக மற்றவற்றுக்குக் கொண்டுபோனார்கள். 2008-ல் பிக்மி என்ற பதிவு முறை வந்தது. கர்ப்பிணிப் பெண் ஒருவரைப் பதிவு செய்தால், பரிசோதனைகள், பிரசவம், குழந்தையின் தடுப்பூசி வரை ஒரே தொடராகக் கண்காணிக்கும் முறை இது. நல்ல யோசனை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள ஊர் நம்முடையது. மேச்சேரியில் பதிவு செய்த பெண்ணுக்குத் திருச்செங்கோட்டில் பிரசவம் நடக்கும். நோட்டு பின்னால் போகாது, எண் போகும்.

ஆனால் அந்த எண்ணை உள்ளே ஏற்றுவது யார்? நம் ஊரில் நர்சம்மா என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் சுமார் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். ஆக, ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்சம்மா. வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு உட்கார்ந்து அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். டேட்டா என்ட்ரி வேலை எங்கள் தலையில் விழுந்து நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தின்கிறது என்று செவிலியர் சங்கங்கள் பலமுறை குரல் கொடுத்திருக்கின்றன. அவர்கள் சொல்வது நியாயம்தான். இதைக் கம்ப்யூட்டருக்கு எதிரான கூச்சல் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். இரண்டு முறை எழுதச் சொன்னால் சாப்ட்வேர் இன்ஜினியர் மட்டும் சும்மா இருப்பாரா?

சரி, கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டு ஏன் இருக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நர்சுக்கு நோட்டின் மேல் ஆசை கிடையாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி நோட்டைத்தான் கேட்கிறார். ஆடிட்டர் நோட்டில்தான் கையெழுத்துப் போடுகிறார். மருந்து இருப்பு குறைந்தால் நோட்டு வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே நோட்டு நிஜம், கம்ப்யூட்டர் நகல். நகலை யார்தான் அக்கறையாக எழுதுவார்கள்?

சேலம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் சாப்ட்வேர் போட்டிருந்தோம். பெயர் வேண்டாம். மருந்து கவுண்டரில் இருந்த பெண் பகல் முழுக்க நோட்டில் எழுதிவிட்டு, கூட்டம் குறைந்ததும் ராத்திரி எட்டு மணிக்கு அதை ஸ்கிரீனில் ஏற்றுவார். விளைவு? ஸ்கிரீன் எப்போதும் நேற்றைய இருப்பைக் காட்டும். டாக்டர் தன் அறையில் பார்த்தால் 40 அட்டை மாத்திரை இருக்கும். நோயாளி போய்க் கேட்டால் "இல்லீங்க" என்று பதில் வரும். மூன்று முறை இப்படி நடந்ததும் டாக்டர் ஸ்கிரீனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். டாக்டர் பார்க்காததால் அந்தப் பெண்ணும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏற்றலானார். புரோகிராமில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அது செத்துக்கொண்டிருந்தது.

அதைப் பிழைக்க வைத்தது ஒரு சர்க்குலர். புதிய வெர்ஷன் எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை. "இன்ன தேதி முதல் மருந்து இருப்பு நோட்டு தேவையில்லை, ஸ்கிரீனில் இருப்பதே கணக்கு, மாதக் கடைசியில் அதன் ப்ரிண்ட் அவுட்டில் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று நிர்வாகி எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து பில் போடும்போதே இருப்பு குறைந்தது. ராத்திரி வேலை ஒழிந்தது. இப்படிப்பட்ட திட்டத்தை நடத்துபவர் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த நோட்டை, எந்தத் தேதியில் மூடப் போகிறோம், யார் கையெழுத்துப் போடுவார்? இதற்குப் பதில் இல்லாமல் நூறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் நூறு நகல் எழுதும் மெஷின்தான் மிஞ்சும்.

மேட்டூர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது எங்கள் ஊரில் தினசரிப் பேச்சு. முழுக் கொள்ளளவு 120 அடி. ஒரு இடத்தில் அளந்து ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். தஞ்சாவூர் விவசாயியும் அதைத்தான் நம்புகிறார். ஒரு பதிவேடு 100 அடி என்றும் இன்னொன்று 96 அடி என்றும் சொன்னால் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பதை எப்படி முடிவு செய்வது?

எல்லா நோட்டையும் ஒரே நாளில் மூடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்யப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2002-ல் நாடு முழுவதற்குமான ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேலிருந்து முடிவு செய்து, பெரிய கம்பெனிகளுக்கு மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் போதிய அளவுக்குக் கேட்கவில்லை என்பது அதன் மேல் விழுந்த பெரிய குற்றச்சாட்டு. 2011-ல் அந்தத் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். செலவு ஆயிரம் கோடி பவுண்டை நெருங்கியது. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி.

எந்த நோட்டை முதலில் மூடலாம்? என்னைக் கேட்டால் லேப் நோட்டு. காரணம், டைப் செய்பவருக்கே அதில் லாபம் இருக்கிறது. ரிசல்ட்டை ஒருமுறை ஏற்றிவிட்டால், "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று வார்டிலிருந்து பத்து முறை போன் வராது. யார் டைப் செய்கிறாரோ அவருக்கு ஒரு வேலையாவது குறைய வேண்டும். மேலிடத்தில் இருப்பவருக்கு அழகான கிராஃப் வருவதற்காகக் கீழே இருப்பவர் டைப் செய்தால் அது நெடுநாள் ஓடாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் விவரங்களையும் பதிவு செய்கிறார்கள். யாருக்கு மாத்திரை தீரப்போகிறது என்று அந்தப் பதிவு அவர்களுக்கே திருப்பிச் சொன்னால் அது அவர்களுடைய கருவி. இல்லாவிட்டால் இன்னொரு சுமை.

இங்கே உங்களில் சிலர் கேட்பீர்கள். நோட்டை மூடிவிட்டு, கம்ப்யூட்டர் படுத்துவிட்டால்? நியாயமான கேள்வி. பதில் சொல்ல டில்லிக்குப் போக வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை ரேன்சம்வேர் தாக்கியது. ரேன்சம்வேர் என்பது பைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ் வகை. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது என்று பிறகு பாராளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்றும் சொன்னது. வீட்டில் ஒரு அறையில் தீப்பிடித்தால் மற்ற அறைக்குப் பரவாமல் நடுவே கதவு வேண்டும் அல்லவா, அந்தக் கதவு இல்லை. சுமார் இரண்டு வாரம் ஓபி பதிவு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாம் கையால் எழுதித்தான் ஓடின. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து தகவல்களை மீட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

இதிலிருந்து "பார்த்தீர்களா, நோட்டே மேல்" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எய்ம்ஸைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று தனியாக இருந்த பேக்கப். மற்றொன்று, தேவைப்பட்ட நாளில் தாளுக்கு மாறத் தெரிந்த ஊழியர்கள். தினமும் இரண்டு முறை எழுதுவது வேறு, ஆபத்து நேரத்துக்கு அச்சடித்த வெற்றுப் படிவம் ஒரு கட்டு பீரோவில் வைத்திருப்பது வேறு. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் கம்ப்யூட்டரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு அந்தப் படிவத்தில் வேலை செய்து பழக வேண்டும். தீயணைப்பு ஒத்திகை மாதிரி. இதைச் செய்யும் ஆஸ்பத்திரியை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளை முடக்கியதும் இதே பாடம்தான். அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாத மெஷின்கள் மாட்டிக்கொண்டன. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் "அப்டேட் செய்யவா?" என்று கேட்கும். "பிறகு பார்க்கலாம்" பட்டனை எத்தனை நாளாக அழுத்துகிறீர்கள்?

வைரஸைவிட நம் ஊரில் பெரிய வில்லன் கரண்ட். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்று வட்டாரச் சிறு கண் மையங்களை நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி கிளை ஆய்வாளர்கள் உதவினார்கள். நோயாளி கிராமத்திலேயே உட்கார்ந்து வெப் கேமரா வழியாக டாக்டரிடம் பேசலாம். 2006-ல் இது பெரிய செய்தி. ஆனால் அதே ஆய்வாளர்கள் 2008-ல் எழுதிய கட்டுரையைப் படித்தால் வேறு கதை தெரியும். பழுதுகளில் பெரும்பகுதி மோசமான மின்சாரத்தால் வந்தவை. வோல்டேஜ் எகிறிப் போர்டு கருகியது, திடீரென்று கரண்ட் போய் மெமரி கார்டில் இருந்தது கெட்டது. வயர்லெஸ் தொழில்நுட்பம் கைவிடவில்லை, சுவரில் இருக்கும் ப்ளக் கைவிட்டது. இவற்றைச் சமாளிக்க மின்சாரப் பாதுகாப்புக் கருவியை மேம்படுத்தினார்கள், உள்ளூர் ஆட்களுக்கே ரிப்பேர் கற்றுக் கொடுத்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரித் திட்டத்தில் யூபிஎஸ், எர்த்திங், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செலவைக் கடைசிப் பக்கத்தில் எழுதாதீர்கள். அனல் மின் நிலையம் இருக்கும் மேட்டூரிலேயே மழைக்காலத்தில் கரண்ட் போகத்தான் செய்கிறது.

இனி, வீட்டில் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட்போனோ வைத்திருக்கும் உங்கள் பங்கு. 2017 அக்டோபர் 1 முதல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்சிஹெச் எண் அவசியம் என்று ஆக்கினார்கள். 12 இலக்கம் கொண்ட இந்த எண் பிக்மியில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைப்பது. பிக்மி தளத்தில் வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். நீங்கள் ஏற்றினால் நர்சம்மாவுக்கு அவ்வளவு டைப்பிங் மிச்சம். உங்கள் பெயரின் ஸ்பெல்லிங்கும் சரியாக இருக்கும்.

மத்திய அரசு 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் கீழ் ஆபா எண் கிடைக்கிறது. 14 இலக்கம். இதற்கும் இலவச சிகிச்சைக் காப்பீட்டு அட்டைக்கும் சம்பந்தமில்லை, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வசதி உள்ள ஆஸ்பத்திரிகளில் ஓபி கவுண்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை மொபைலில் ஸ்கேன் செய்தால் உங்கள் பெயர், வயது போன்ற விவரம் அங்கே போய்விடும், டோக்கன் வரும். நீண்ட க்யூவில் நின்று பெயரைக் கத்திச் சொல்ல வேண்டாம். இது கட்டாயமில்லை. உங்கள் ரிப்போர்ட்டை ஒரு டாக்டர் பார்க்க வேண்டுமானால் நீங்கள் சம்மதம் கொடுக்க வேண்டும். ஓடிபி கேட்டு யாராவது போன் செய்தால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த பிளாஸ்டிக் கவரை இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் மொபைல் கேமரா போதும். வீட்டில் ஆளுக்கு ஒரு போல்டர். பைல் பெயரில் முதலில் வருடம், மாதம், தேதி, பிறகு பரிசோதனையின் பெயர். அப்படி வைத்தால் கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திவிடும். ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரி டேட்டாபேஸில் எங்களுக்குப் பெரிய தலைவலி, ஒரே ஆளுக்கு மூன்று எண்கள் இருப்பது. நம் பெயர் முறைக்கும் ஆங்கிலக் கீபோர்டுக்கும் ஒத்துப்போவதில்லை. ஒருமுறை இனிஷியல் முன்னால், இன்னொரு முறை பின்னால், மூன்றாம் முறை அப்பா பெயர் முழுதாக. வயது கேட்டால் "அம்பது அம்பத்தஞ்சு இருக்கும் தம்பி" என்பார்கள். கம்ப்யூட்டருக்கு மூவரும் வேறு வேறு ஆட்கள். போன வருடம் எடுத்த இசிஜி ஒரு எண்ணில், இன்று காட்டுவது வேறு எண்ணில். ஆகவே கவுண்டரில் புதுச் சீட்டு கேட்பதற்கு முன் பழைய ஓபி சீட்டை எடுத்து நீட்டுங்கள். அது இல்லாவிட்டால் முதலில் எந்த மொபைல் நம்பர் கொடுத்தீர்களோ அதையே சொல்லுங்கள். மகன் நம்பர் ஒருமுறை, மருமகன் நம்பர் ஒருமுறை வேண்டாம்.